அக்கசாலைக்கு வெளியே



தாமிரபரணி கடலைச் சேரும் பக்கத்தில், கொற்கையில், அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் இருக்கிறது. அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். முத்துத் துறையாக நாம் படித்த ஊரில் காசும் அடித்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பெயரே தடயம். பிற்காலப் பாண்டியர் காசுகளில் ‘சோணாடு கொண்டான்’ என்ற பட்டத்தைப் பார்க்கிறோம். 13ஆம் நூற்றாண்டில் சோழநாட்டை வென்ற மாறவர்மன் சுந்தரபாண்டியனின் வெற்றி அது. தஞ்சையும் உறந்தையும் எரிந்ததை அவனது மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது. எரிந்த வீடுகளில் குடியிருந்தவர்களுக்குக் காசில் ஓர் எழுத்தும் இல்லை.

குடியரசு இந்தியா தன் முதல் நினைவு நாணயத்தை 1964இல் நேருவுக்காக வெளியிட்டது. 1969இல் காந்தி வந்தார். அம்பேத்கரின் முகம் ஒரு ரூபாயில் வருவதற்கு 1990 வரை காத்திருந்தோம். அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று, அவர் மறைந்து 33 ஆண்டுகள் கழிந்தபின், பாரத ரத்னா பதக்கத்தை சவிதா அம்பேத்கர் பெற்றுக்கொண்டார். கொல்கத்தா நாணயச்சாலையில் செய்யப்படும் அந்தப் பதக்கத்துக்கு அரசிலை வடிவம். பௌத்தம் தழுவியவருக்குப் போதிமரத்தின் இலை பொருத்தம்தான். தாமதத்துக்குத்தான் நமக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

அந்த ஒரு ரூபாயை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அது புழங்கியது. இரட்டைக் குவளை வைத்திருந்த, நம்மிடம் காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொன்ன தேநீர்க்கடைகள் நமக்குத் தெரியும். அந்தக் கல்லாப்பெட்டிகளுக்குள்ளும் அம்பேத்கர் போனார். நம் கையைத் தொட மறுத்தவர் அவர் முகத்தைத் தொட்டு எண்ணினார். தீண்டாமை அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் காசுக்குத் தீட்டில்லை, கொடுக்கும் கைக்குத்தான் தீட்டு என்ற சாதியின் கணக்கு அங்கே அம்பலப்பட்டது.

2015 டிசம்பர் 6 அன்று, அவரது 125ஆவது பிறந்த ஆண்டையொட்டி, 10 ரூபாய், 125 ரூபாய் நாணயங்கள் வெளியாயின. வெள்ளி கலந்த 125 ரூபாய் நாணயம் புழக்கத்துக்கானதல்ல. முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்குச் சேகரிப்பாளர்களுக்கு விற்கப்படுவது. புழங்காத நாணயத்தில் இருக்கும் அம்பேத்கரும், நம் ஊர்களில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்.

ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இல் நூல் எழுதியவர் அவர். ரூபாய் அடிக்கும் அதிகாரத்தை அரசின் விருப்பத்துக்கு விடக்கூடாது, நாணயச்சாலைகள் ரூபாய் அடிப்பதையே நிறுத்த வேண்டும் என்று அதில் வாதிட்டார். ரூபாயின் மதிப்பு சரியும்போது விலைவாசி ஏறும் வேகத்தில் கூலி ஏறாது. ஏற்றுமதியாளரின் லாபம் கூலிக்காரரின் இழப்பிலிருந்து வருகிறது என்று காட்டினார். முகத்தைப் பொறித்தவர்கள் இந்த வாதத்தை நினைவில் வைக்கவில்லை.

கூலி என்றால் நமக்கு மாஞ்சோலை. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வையும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையையும் கேட்டு நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலம் கொக்கிரகுளத்தில் தடியடிக்கு உள்ளானது. உயிர்தப்ப ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பெண்களும், இரண்டு வயதுகூட நிறையாத ஒரு குழந்தையும் உண்டு. தாமிரத்தைப் பெயரில் வைத்திருக்கும் ஆற்றில் மாண்ட அவர்களுக்கு எந்த அக்கசாலையும் ஒரு செப்புக்காசு அடிக்கவில்லை. பாலத்தைக் கடப்பவர்கள் புண்ணியத்துக்காகக் காசு எறியும் அதே ஆற்றில், ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று நாம் பூக்களை விடுகிறோம்.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன மலை அது. குத்தகை 2028இல் முடிகிறது. தலைமுறைகளாகத் தேயிலை பறித்த குடும்பங்கள் 2024 முதல் கீழே இறங்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. நாம் பதக்கம் கேட்கவில்லை. நிலம் கேட்கிறோம். மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம்: அந்த ஊர்வலத்தில் நடந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போங்கள்; பெயர், ஊர், வாங்கிய கூலி, அன்று கண்டது எல்லாவற்றையும் அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதி வையுங்கள். 2028க்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலை இது.