லா செரெமோனி: ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்தில் வர்க்கப் பகை

லா செரெமோனி என்பது குளோட் சப்ரோல் இயக்கத்தில் 1995ஆம் ஆண்டு வெளிவந்த பிரெஞ்சு உளவியல் திகில் திரைப்படமாகும். ஆங்கில எழுத்தாளர் ரூத் ரெண்டல் 1977இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவியது. சப்ரோலுடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய கரோலின் எலியாசெஃப் ஓர் உளப்பகுப்பாய்வாளர். புதினத்தின் களம் இங்கிலாந்து. படமோ பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானிப் பகுதியில், ஊருக்கு வெளியே தனித்து நிற்கும் ஒரு மாளிகையில் நிகழ்கிறது.

அந்த மாளிகையில் வாழும் லெலியேவ்ர் குடும்பத்திற்கு வீட்டு வேலைக்காக வந்து சேர்பவள் சோபி. சமையல், துப்புரவு எதிலும் குறை சொல்ல முடியாதவள். ஆனால் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; அதை உயிர்போல் மறைத்து வைத்திருக்கிறாள். வீட்டுத் தலைவி கத்ரீன் எழுதி வைத்துவிட்டுப் போகும் சிறு குறிப்புகூட அவளுக்குப் பெரிய ஆபத்து. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம் என்றால் கண் சரியில்லை என்பாள். அப்படியானால் கண்ணாடி வாங்கித் தருகிறோம் என்பார்கள். ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய் தேவைப்படுகிறது.

பிரான்சில் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கிய சட்டங்கள் 1881, 1882ஆம் ஆண்டுகளில் வந்தவை. நூறாண்டுக்கு மேல் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு நாட்டில் எழுத்தறியாமல் இருப்பது வறுமையைவிடப் பெரிய வெட்கமாகிவிட்டது. பள்ளிக்குச் சென்றும் எழுத்து வசப்படாதவர்களைக் குறிக்க 1970களின் இறுதியில் அங்கு ஒரு தனிச் சொல்லையே உருவாக்கினார்கள். 1984இல் அரசுக்கு இதுபற்றி அறிக்கையும் அளிக்கப்பட்டது. சோபியின் அச்சம் இந்தப் பின்னணியில் பிறந்தது. வகுப்பறையில் கடைசி வரிசையில் அமர்ந்து, வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் தலைவலி என்று சொல்லும் பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு அவளைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

லெலியேவ்ர் குடும்பத்தாரைக் கொடியவர்களாகக் காட்டாததே படத்தின் வலிமை. அவர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள். பணிப்பெண்ணின் அறையில் தொலைக்காட்சியும் உண்டு. மகள் மெலிந்தா தன் தந்தையைவிட முற்போக்கானவள். ஆயினும் அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் ழானின் பழைய காரைச் சரிசெய்து கொடுக்கும் மெலிந்தா, அவளுடைய கைக்குட்டையிலேயே எண்ணெய்க் கறையைத் துடைத்து, அதை அவளிடமே திருப்பிக் கொடுக்கிறாள். உதவிதான் செய்தாள். ஆனால் அந்தத் துணி இனி யாரால் துவைக்கப்படும் என்ற எண்ணம் அவளுக்கு எழவே இல்லை. பக்கம் பக்கமாக எழுதினாலும் வர்க்க வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாகச் சொல்வது அரிது.

சோபிக்கு வாய்த்த ஒரே தோழி இந்த ழான். வாய்த் துடுக்கும் பணக்காரர்மீது அடங்காத வன்மமும் கொண்டவள். இருவர்மீதும் பழைய மரணம் ஒன்றின் சந்தேகம் உண்டு, எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. சோபியின் ரகசியத்தை மெலிந்தா தற்செயலாகக் கண்டுபிடித்து, தானே கற்றுக்கொடுப்பதாகச் சொல்கிறாள். சோபியின் பதில் மிரட்டல்: மெலிந்தா கருவுற்றிருப்பதை வெளியே சொல்லிவிடுவேன் என்கிறாள். விளைவு, வேலை போகிறது.

இறுதி இரவில் குடும்பம் நூலக அறையில் அமர்ந்து மொசார்ட்டின் டான் ஜியோவானி இசைநாடகத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறது. அந்த இசைநாடகமே இரவு பகலாக உழைக்கும் ஒரு வேலைக்காரனின் முறையீட்டோடு தொடங்குவது. மாடியில் தோழியர் இருவரும் கத்ரீனின் ஆடைகளைக் கிழித்து, படுக்கையில் சாக்லேட் பானத்தைக் கொட்டி விளையாடுகிறார்கள். பிறகு வேட்டைத் துப்பாக்கிகள் கைக்கு வருகின்றன. நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டபின் சோபி புத்தக அடுக்குகளையும் சுடுகிறாள். இசையைப் பதிவு செய்ய மெலிந்தா வைத்திருந்த கருவியில் துப்பாக்கிச் சத்தமும் பதிவாகிவிடுகிறது.

படம் வந்தபோது பலருக்கு நினைவுக்கு வந்தது லெ மான் நகரில் 1933 பிப்ரவரி 2ஆம் நாள் நடந்த கொலை. கிறிஸ்தின் பப்பான், லெயா பப்பான் என்ற பணிப்பெண்களான சகோதரிகள், தாங்கள் சில ஆண்டுகளாக வேலை பார்த்த வீட்டின் எஜமானியையும் அவர் மகளையும் கொன்றனர். பழுதான இஸ்திரிப் பெட்டியால் வீட்டில் மின்சாரம் நின்றதே அன்றைய சச்சரவின் தொடக்கம். அவ்வாண்டு செப்டம்பரில் வழக்கு நடந்தது. கிறிஸ்தினுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. அவர் 1937இல் மனநல மருத்துவமனையில் இறந்தார். லெயாவுக்குப் பத்தாண்டுச் சிறை. இடதுசாரிகள் சிலர் இதைச் சுரண்டலின் விளைவு என்றனர். உளப்பகுப்பாய்வாளர் ழாக் லக்கான் அதே ஆண்டில் இதை மனநோயின் வழியில் விளக்கிக் கட்டுரை எழுதினார். 1947இல் மேடையேறிய ழெனேயின் 'பணிப்பெண்கள்' நாடகத்தோடும் இவ்வழக்கை இணைத்துப் பேசுவது வழக்கம். வர்க்கமா, நோயா என்ற அந்தப் பழைய வழக்கில் சப்ரோலும் தீர்ப்புச் சொல்லவில்லை. சோபியின் ஊமைக் கோபத்திற்கு இரண்டும் பொருந்தும்படி விட்டுவிட்டார்.

படத்தின் பெயருக்குச் 'சடங்கு' என்று பொருள். கில்லட்டினில் தலை துண்டிக்கும் தண்டனை நிறைவேற்றத்தையும் பிரெஞ்சில் அச்சொல்லால் குறித்ததுண்டு. பிரான்ஸ் மரண தண்டனையை ஒழித்தது 1981இல். அதற்குப் பின் வந்த இப்படத்தில் தண்டனையை நிறைவேற்றுவோர் வீட்டு வேலைக்காரியும் அஞ்சலகப் பெண்ணும் ஆவர். சப்ரோல் இதைக் கடைசி மார்க்சியப் படம் என்று வேடிக்கையாகச் சொல்லிவந்தார். சோவியத் ஒன்றியம் கலைந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

சோபியாக நடித்த சான்றீன் பொன்னேரும் ழானாக நடித்த இசபெல் உப்பேரும் 1995 வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருதைப் பகிர்ந்துகொண்டனர். அடுத்த ஆண்டு உப்பேருக்குப் பிரான்சின் சேசர் விருதும் கிடைத்தது.