வியாசர்பாடி டூ ஐரோப்பா: சாடியோ மானே போன ரூட் வடசென்னைப் பசங்களுக்கு ஏன் திறக்கல?

செனகல் நாட்டில் பம்பாலி என்ற சின்ன கிராமத்தில் பிறந்தவர் சாடியோ மானே. 19 வயதில் ஐரோப்பா போனார். சாம்பியன்ஸ் லீக் வரை ஜெயித்தார். வடசென்னை வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவர் தனபால் கணேஷ். ஐஎஸ்எல் சாம்பியன் ஆனார். இரண்டுமே வசதி குறைந்த ஊர்கள்தான். ஆனால் ஒரு ஊரிலிருந்து ஐரோப்பாவுக்கு வழி இருந்தது, இன்னொரு ஊரிலிருந்து இல்லை. இதற்குத் திறமை மட்டும்தான் காரணமா? பார்க்கலாம்.

மானே எப்படிப் போனார்?

1992-ல் பிறந்த மானே, 15 வயதில் வீட்டுக்குச் சொல்லாமலேயே தலைநகர் டக்காருக்குக் கிளம்பிப் போனவர். அங்கே 'ஜெனரேஷன் ஃபுட்' என்ற அகாடமியில் சேர்ந்தார். இந்த அகாடமிக்கும் பிரான்ஸின் மெட்ஸ் கிளப்புக்கும் நேரடி ஒப்பந்தம் உண்டு. அகாடமியில் நன்றாக ஆடும் பையன் 18 வயதைத் தாண்டியதும் மெட்ஸ் கிளப்புக்குப் போகலாம்.

மானே 2011-ல் மெட்ஸ் போனார். 2012-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், 2014-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன், 2016-ல் சுமார் 34 மில்லியன் பவுண்டுக்கு லிவர்பூல். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் பிரீமியர் லீக். 2022-ல் செனகலுக்கு முதல் ஆப்பிரிக்கக் கோப்பை. சம்பாதித்த பணத்தில் பம்பாலியில் மருத்துவமனையும் பள்ளியும் கட்டிக்கொடுத்தார். இஸ்மாயிலா சார், பாப் மடார் சார் எனப் பலரும் அதே அகாடமி வழியாக ஐரோப்பா போனவர்கள்தான். அதாவது, இது ஒரு பையனுக்கு அடித்த அதிர்ஷ்டம் கிடையாது. போட்டு வைத்த ரோடு.

வடசென்னையில் என்ன நிலைமை?

துறைமுகம், மில், ரயில்வே பட்டறை என்று உழைக்கும் மக்கள் வாழும் பகுதி இது. கிரிக்கெட்டுக்கு நடுவிலும் இங்கே கால்பந்து தாக்குப்பிடித்து நிற்கிறது. வியாசர்பாடியை 'மினி பிரேசில்' என்றே சொல்வார்கள். முல்லை நகர் மைதானத்தில் உமாபதி, தங்கராஜ் தொடங்கிய தொண்டு அமைப்பு, குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் படிப்பையும் பந்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறது. தனபால் கணேஷ் வளர்ந்தது இந்தச் சூழலில்தான்.

1994-ல் பிறந்த கணேஷ் ஒரு மிட்ஃபீல்டர். புனே எஃப்சி வழியாக தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 2015-ல் சென்னையின் எஃப்சி. 2018 மார்ச் 13-ம் தேதி, சென்னையில் கோவாவுக்கு எதிரான அரையிறுதி. 3-0 வெற்றியில் ஒரு கோல் கணேஷுடையது. நான்கு நாள் கழித்து பெங்களூருவில் நடந்த ஃபைனலில் 3-2 என ஜெயித்து சென்னையின் எஃப்சி கோப்பையைத் தூக்கியது. அதன்பின் முழங்கால் காயம் வந்து, அடுத்த சீசன் ஆட முடியாமல் போனது.

இன்னொரு சென்னை பையன் நந்தகுமார் சேகர். 2023 ஆகஸ்ட் 12-ல் டூரண்ட் கோப்பையில், ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிரான கொல்கத்தா டெர்பியில் வெற்றி கோலை அடித்தவர். 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை ஃபைனலிலும் ஒரு கோல் போட்டார். இந்திய அணிக்கும் ஆடினார். இவ்வளவு செய்தும் ஐரோப்பா பக்கம் கதவு திறக்கவில்லை.

கதவை யார் பூட்டியது?

முதல் பூட்டு, வயது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை வெளிநாட்டு கிளப் சேர்க்கக் கூடாது என்பது ஃபிஃபா விதி. சில விலக்குகள்தான் உண்டு. அப்போ 12 வயதிலிருந்து 18 வரை உள்ளூர்தான் பையனைத் தாங்க வேண்டும். ஜெனரேஷன் ஃபுட் செய்வது அதைத்தான். நம்ம ஊர்ப் பையனுக்கோ, பிளஸ் டூ வரும்போதே "அடுத்து என்ன?" என்ற கேள்வி வந்துவிடும்.

இரண்டாவது, ரேங்கிங். 2009-ல் சுனில் சேத்ரியை இங்கிலாந்தின் கியூபிஆர் கிளப் ஒப்பந்தம் செய்தது. ஆனால் இந்திய அணியின் ஃபிஃபா ரேங்க் போதவில்லை என்பதால் வேலை அனுமதி கிடைக்கவில்லை. இந்தியாவின் சிறந்த ரேங்கே 1996-ல் எட்டிய 94-தான். இப்போது இங்கிலாந்தில் பாயின்ட் முறை இருக்கிறது. அதிலும் நாட்டின் ரேங்க், ஆடும் லீகின் தரம், களத்தில் நின்ற நிமிடங்கள் எல்லாம் கணக்கு.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. குர்பிரீத் சிங் சந்து 2014-ல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் சேர்ந்து, யூரோப்பா லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். மனிஷா கல்யாண் 2022-ல் சைப்ரஸ் கிளப்புக்காகப் பெண்கள் சாம்பியன்ஸ் லீகில் ஆடினார். சின்ன லீகில் தொடங்கலாம் என்பதற்கு இவர்கள் சாட்சி. மானே கூட நேராக லிவர்பூல் போகவில்லையே!

மூன்றாவது பூட்டு, வேலை. சென்னை லீகில் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, இந்தியன் வங்கி என நிறுவன அணிகள் பல. நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நிரந்தர வேலை கிடைக்கும். ஒரு குடும்பமே தலைநிமிரும். அதை விட்டுவிட்டு இரண்டு வருட கிளப் ஒப்பந்தத்தை நம்பச் சொல்வது சுலபமில்லை. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. சென்னையின் எஃப்சி உட்பட சில கிளப்புகள் வேலைகளையே நிறுத்தின. இதைப் பார்த்த திருவொற்றியூர் அப்பா ஒருவர் "வேலைதான்டா முக்கியம்" என்று சொன்னால், அவரைத் தப்பு சொல்ல முடியுமா?

பலருக்குத் தெரியாத 5 சதவீதம்

ஒரு வீரர் ஒப்பந்தம் முடியும் முன்பே வேறு நாட்டு கிளப்புக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5% அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். ஃபிஃபாவின் இந்த விதிக்கு 'சாலிடாரிட்டி' என்று பெயர். 12 முதல் 15 வயது வரை பயிற்சி தந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 0.25%. 16 முதல் 23 வரை வருடத்துக்கு 0.5%.

உதாரணமாக 10 கோடி ரூபாய் டிரான்ஸ்ஃபர் என்று வைத்துக்கொள்வோம். 12-லிருந்து 15 வரை நான்கு வருடமும் வளர்த்த கிளப்புக்கு 1%, அதாவது 10 லட்சம். ஒரு ஏரியா கிளப்புக்கு அது எத்தனை பந்து, எத்தனை ஷூ!

ஆனால் ஒரு கண்டிஷன். அந்த வயதில் பையன் அந்த கிளப்பில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது, பேப்பரில் இருக்க வேண்டும். கணக்கே இல்லாத மைதானத்துக்குப் பங்கும் இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

* பிள்ளை ஆடும் கிளப் சங்கத்தில் இணைந்துள்ளதா, அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

* பிறந்த தேதி சான்றிதழ், பள்ளி, ஆதார் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். பின்னால் பாஸ்போர்ட் எடுக்கும்போது சிக்கல் வராது.

* "ஐரோப்பாவில் டிரயல், பணம் கட்டுங்க" என்று யாராவது வந்தால் உஷார். வீரருக்காக கிளப்போடு பேரம் பேசும் ஏஜென்ட்டுக்கு ஃபிஃபா உரிமம் கட்டாயம். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் ஃபிஃபா தளத்திலேயே இருக்கிறது.

* படிப்பை விடச் சொல்லாதீர்கள். ஒரு முழங்கால் காயம் போதும், எல்லாம் மாறிவிடும்.

பம்பாலிக்கும் வியாசர்பாடிக்கும் உள்ள தூரம் 12 முதல் 18 வயது வரையிலான அந்த ஆறு வருடம்தான். அந்த வருடங்களில் பையனைத் தாங்கிப் பிடிக்க ஒரு அகாடமியும், அதற்கு வெளிநாட்டு கிளப்போடு ஒரு ஒப்பந்தமும் அமைந்தால், ராயபுரத்திலிருந்தோ எண்ணூரிலிருந்தோ ஒருவர் கிளம்பிப் போவது கனவாக மட்டும் இருக்காது.