அவிநாசி: ஊர்ப்பெயரான இறைவன் பெயர்

திருப்பூர்க்காரர்களுக்கு அவிநாசி என்றால் பக்கத்து ஊர். பனியன் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும் அவிநாசி சாலை. ஆனால் அந்தப் பெயர் முதலில் ஊருடையது அல்ல, இறைவனுடையது. சுந்தரர் தேவாரத்தில் ஊர் புக்கொளியூர். அங்கே குடிகொண்ட ஈசனே அவிநாசி. அவன் பெயர் பின்னாளில் ஊருக்கு நிலைத்துவிட்டது.

வடமொழியில் விநாசம் என்றால் அழிவு. முன்னே நிற்கும் ‘அ’ அதை மறுக்கிறது. அழிவில்லாதவன் என்பது பொருள். முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்டதாகச் சொல்லும் தலத்துக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

அந்தச் சின்ன ‘அ’வின் உறவு வெகுதூரம் போகிறது. ஆங்கிலம், ஜெர்மன் மொழிகளில் மறுப்பைக் குறிக்கும் ‘அன்’, ‘உன்’ என்ற முன்னொட்டுகள் அதற்கு உடன்பிறப்புகள். தெய்வப் பெயரிலும் இந்த உறவு உண்டு: ஆங்கிலச் செவ்வாய்க்கிழமையான ‘டியூஸ்டே’யில் இருக்கும் பழைய ஜெர்மானியத் தெய்வம் ‘தீவ்’, வடமொழித் ‘தேவ’னோடு ஒரே வேரில் கிளைத்தது.