தோடாக் கதையும் அதைத் திரும்ப எழுதிய வகுப்பும்

தொன்மங்களையும் நாட்டார் கதைகளையும் எழுதப் பயிலும் வகுப்பில் மாணவரின் முன்னேற்றத்தை எதைக்கொண்டு அளப்பது? நடையழகைக் கொண்டு அளப்பதே நம் வழக்கம். ஒரு கதையின் வரலாற்றைச் சற்றுப் பின்தொடர்ந்து பார்த்தால் அந்த அளவுகோல் போதாது என்பது விளங்கும். எங்கள் வகுப்பு எடுத்துக்கொண்டது சிங்கப்பூரைத் தோடாக் மீன்கள் தாக்கிய கதை.

1612ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்தப்படும் 'செஜாரா மெலாயு' இதனைச் சுருக்கமாகவே கூறுகிறது. பாதுக்கா ஸ்ரீ மகாராஜாவின் ஆட்சியில் கூர்மூக்குத் தோடாக் மீன்கள் கடலிலிருந்து பாய்ந்து கரையில் நின்றோரைக் குத்திக் கொல்கின்றன. மக்கள் தம் கெண்டைக்கால்களையே அரணாக்கி வரிசையாக நிற்க வேண்டும் என்பது மன்னனின் ஆணை. மாண்டோர் பலர். வாழைமரங்களை நிறுத்தினால் ஆகாதோ என்று ஒரு சிறுவன் கேட்கிறான். அவ்வாறே செய்ய, மீன்களின் மூக்குகள் வாழையில் சிக்குகின்றன, ஊர் பிழைக்கிறது. இத்தகைய அறிவுடையவன் வளர்ந்தால் என்னாவது என்று பெரியோர் மன்னனிடம் ஓதுகின்றனர். சிறுவன் கொல்லப்படுகிறான். அப்பழி நாட்டின் மேல் நின்றது என்கிறது நூல். அடுத்த மன்னன் காலத்திலேயே மஜாபாஹித் படையிடம் சிங்கப்பூர் வீழ்கிறது.

அச்சிறுவனுக்கு நூலில் பெயரில்லை. பிற்காலத்தார் அவனை ஹாங் நாடிம் என்றனர்; அந்நூலிலோ அப்பெயர் மலாக்கா காலத்து வீரன் ஒருவனுக்கு உரியது. சிறுவனின் குருதி படிந்தே புக்கிட் மேரா குன்று சிவந்தது என்பதும் மக்கள் வாய்மொழியில் வளர்ந்த செய்தியே. இவற்றைப் பிழை என ஒதுக்க மாட்டேன். பெயரற்றவனுக்குப் பெயரும், கல்லறையற்றவனுக்கு ஒரு குன்றும் மக்கள் தந்தனர்.

இந்நூலை 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் அச்சேற்றியவர் முன்ஷி அப்துல்லா. அவருடைய அரபு முன்னோர் நாகூரில் மணம் செய்து வாழ்ந்தவர். அவரும் இளமையில் தமிழ் பயின்றவர். மாணவர் இதனைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். அதுவரை இக்கதையைப் பிறர் வீட்டுக் கதையாகவே எண்ணியிருந்தனர் போலும்.

முதல் வரைவுகளில் கடல் ஒரு பக்கம் முழுவதும் பொங்கியது. உவமைகளுக்குக் குறைவில்லை. ஆனால் சிறுவனின் மரணம் ஒரே வரியில் முடிந்தது. சிலர் அவனைக் கப்பலேற்றித் தப்பவும் வைத்தனர். இரண்டாம் வரைவில் ஓர் அழுகின்ற தாய் ஏறக்குறைய எல்லாருடைய கதையிலும் வந்தாள். நூலில் தாய் இல்லை. நாட்டார் மரபில் தாயைச் சேர்ப்பது தகும். எனினும், அவள் கண்ணீர் பெருகப் பெருக, ஆணையிட்டவனும் ஓதியவர்களும் பார்வையிலிருந்து மறைந்தனர். இதனைச் சுட்டியவள் ஒரு மாணவியே. என் கணக்கில் வகுப்பின் உண்மையான முன்னேற்றம் அந்த நாளில்தான் தொடங்கியது.

அதன்பின் வந்த வரைவுகள் நீளத்தில் குறைந்தன. கெண்டைக்கால் வரிசையில் நின்று உயிர் பிழைத்த ஒருவனின் வாய்மொழியாக ஒருவர் எழுதினார். அம்மாணவி தேர்ந்தது மன்னனிடம் ஓதிய பெரியவர்களுள் ஒருவரின் குரலை. முதியவரான அவர், தாம் சொன்னது நாட்டின் நன்மைக்கே என்று இன்னமும் நம்புகிறார். வீட்டு முற்றத்தில் மட்டும் வாழை வைக்க விடுவதில்லை.