வேலூர் வட்டாரப் பள்ளிகளில் பணிக்கான கணினிக் கல்வி

பணிக்கான கணினிக் கல்வி என்பது, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்கள் தட்டச்சு, விரிதாள் கணக்கு, நிரலாக்கம் முதலியவற்றைப் பிழைப்புக்கு உதவும் அளவில் கற்பதைக் குறிக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த சத்துவாச்சாரியையும், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்களையும் கொண்ட வட்டாரத்தில் இக்கல்விக்கு இரு முகங்கள் உண்டு; ஒன்று அலுவலகத்தை நோக்கியது, மற்றது தொழிற்சாலையை நோக்கியது.

அலுவலகப் பணிக்கான பயிற்சியைப் பள்ளிகளுக்கு வெளியே தட்டச்சுப் பயிலகங்கள் நெடுங்காலமாக அளித்துவந்தன. பள்ளிகளைப் பொறுத்தவரை, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், கணினியைத் தொட்டிராத பல குடும்பங்களுக்குள் அதைக் கொண்டுசேர்த்தது. 2018-19 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக்கு சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்புக்கு பைத்தான் மொழியும் இடம்பெற்றன. அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் அமைக்கப்பட்டன. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் படிப்பையும் வேலையையும் இணைக்க முற்பட்டது.

தொழிற்சாலை முகமே இவ்வட்டாரத்துக்குத் தனித்தன்மை தருவது. காலணி ஆலையில் ஓர் அடிப்படை அளவுக்கு வரையப்படும் பேட்டர்னை, அதாவது மேற்பகுதித் துண்டுகளின் வெட்டு மாதிரியை, மற்ற எல்லா அளவுகளுக்கும் விரித்தெடுக்கும் வேலை இன்று கணினியில் நடைபெறுகிறது. துணியைப் போலத் தோல் ஒரே சீரானதன்று. ஒவ்வொரு தோலும் உருவிலும் தழும்பிலும் வேறுபடுவதால், கணினி வழி வெட்டும் எந்திரத்தை இயக்குபவர் குறைகளைக் கண்டு குறித்து, அவற்றைத் தவிர்த்துத் துண்டுகளை நெருக்கி அடுக்க வேண்டும். ஆகவே கணினி அறிவோடு தோலறிவும் சேர்ந்தாலன்றி இப்பணி நிறைவுறாது. தோல் ஆலைகளால் நேர்ந்த பாலாற்று மாசு தொடர்பாக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்புக்குப் பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு கண்டிப்பானது. ஓட்ட அளவையும் தரத்தையும் இணையவழிக் கருவிகளால் கண்காணிப்பதும் இத்தொழிலின் வேலைகளுள் ஒன்றாயிற்று.

மேல்நிலைக் கணினிப் பாடநூல்களில் பேட்டர்ன் வரைவு இடம்பெறவில்லை என்பது இக்கல்வியின் பெருங்குறையாகும். அதனை முறையாகக் கற்பிக்கும் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் 1957 முதல் சென்னையில் இயங்குகிறது. ஆம்பூர் ஆலைகளில் தையல் பிரிவை நிரப்பியிருப்போர் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் வரைவுப் பிரிவுக்கு உயர வேண்டுமானால், சென்னை வரை செல்லாமலேயே தங்கள் ஊர்ப் பள்ளியில் அப்பயிற்சியைத் தொடங்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தாக வேண்டும்.