வேட்பாளரின் கருத்தை மதிப்புடன் மறுத்தல்: 1939 காங்கிரஸ் தலைவர் தேர்தலை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தேர்தல் நெருங்கினால், ஒரு வேட்பாளரை ஏற்பவரும் மறுப்பவரும் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்கிவிடுகின்றனர். 'அவர் சொல்வது தவறு' என்று தொடங்கும் பேச்சு 'அவர் விலைபோனவர்' என்று முடிகிறது. கருத்தை மறுப்பதற்கும் ஆளைப் பழிப்பதற்கும் இடையிலுள்ள எல்லை எது என்பதே இக்கட்டுரையின் வினா. அதற்கு விடைகாண 1939ஆம் ஆண்டின் காங்கிரஸ் தலைவர் தேர்தல் தக்க சான்றாகும். இரு தரப்பினரும் ஒரே இயக்கத்தவர். ஒரே விடுதலையை வேண்டிச் சிறை சென்றவர்கள். அவர்கள் எழுதிய அறிக்கைகளும் மடல்களும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

1. தேர்தல் களம்

1938இல் ஹரிபுரா காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சுபாஷ் சந்திர போஸ், மறு ஆண்டும் போட்டியிட முன்வந்தார். மௌலானா அபுல் கலாம் ஆசாத் விலகிக்கொள்ள, காந்தியடிகளின் ஆதரவோடு பட்டாபி சீதாராமையா எதிர்நின்றார். ஜனவரி 29ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் போஸ் 1,580 வாக்குகளும் பட்டாபி 1,377 வாக்குகளும் பெற்றனர்.

2. கருத்து வேறுபாடு

2.1 தலைவர் பதவியின் தன்மை: வல்லபாய் பட்டேல், இராசேந்திர பிரசாத், கிருபளானி உள்ளிட்ட செயற்குழுவினர் எழுவர், கொள்கையை வகுப்பது தலைவரின் வேலையன்று என்று அறிக்கை விடுத்தனர். தலைவர் பெயரளவுக்கான அரசர் போன்றவர் அல்லர், தம் அமைச்சர்களைத் தாமே தேர்ந்துகொள்ளும் தலைமை அமைச்சருக்கு நிகரானவர் என்பது போசின் வாதம்.

2.2 கூட்டாட்சித் திட்டம்: ஆங்கிலேயர் இயற்றிய 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கூட்டாட்சிப் பகுதியை விட்டுக்கொடுக்காமல் எதிர்ப்பவரே தலைவராக வேண்டும் என்றார் போஸ்.

இவ்விரண்டும் சான்று காட்டி வாதிடத்தக்கவை. இந்த அளவில் நின்றிருந்தால் அத்தேர்தல் நல்லதொரு கொள்கை விவாதமாகவே முடிந்திருக்கும்.

3. எல்லை கடந்த இடம்

போஸ் அடுத்து ஓர் அடி எடுத்துவைத்தார். காங்கிரசின் வலதுசாரியினர் ஆங்கிலேயரோடு கூட்டாட்சி குறித்துச் சமரசம் செய்துகொள்ளக்கூடும் என்று பலர் நம்புவதாக எழுதினார். 'பலர் நம்புகின்றனர்' என்ற சொல்லாட்சிக்குள் குற்றச்சாட்டு இருந்தது; சான்று இல்லை. தாங்கள் வாழ்நாளெல்லாம் எதிர்த்த ஆட்சிக்கு இணங்கிப்போவோம் என்று ஐயுறப்பட்டது செயற்குழுவினரை ஆழமாகப் புண்படுத்தியது.

மறுதரப்பும் பிழையற்றதன்று. போசின் தமையனார் சரத் சந்திர போசுக்குப் பட்டேல் அனுப்பிய தந்தி, சுபாஷின் மறுதேர்வு நாட்டு நலனுக்குக் கேடு என்றது. ஒருவரது கொள்கையில் இன்ன குறை என்று காட்டுவது வாதம். அவர் தேர்வாவதே நாட்டுக்குக் கேடு என்பது தீர்ப்பு. தீர்ப்பு வந்தபின் வாதத்துக்கு இடமில்லை.

4. மதிப்புடன் மறுத்தலின் இலக்கணம்: நேருவின் மடல்கள்

தேர்தல் முடிந்தபின் பிப்ரவரி 4ஆம் நாளும் ஏப்ரல் 3ஆம் நாளும் ஜவாஹர்லால் நேரு போசுக்கு எழுதிய மடல்களில் மூன்று இயல்புகள் தெளிவாகத் தெரிகின்றன.

4.1 முத்திரையை விலக்குதல்: இடதுசாரி, வலதுசாரி என்ற பெயர்கள் குழப்பமே தருகின்றன, கொள்கைகளைப் பற்றிப் பேசுவோம் என்றார்.

4.2 காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லுதல்: போஸ் நின்றதைத் தாம் விரும்பாததற்கு இரண்டு காரணங்களைச் சொன்னார். அது காந்தியடிகளோடு பிளவை உண்டாக்கும். மெய்யான இடதுசாரிக்கும் பின்னடைவாகும். தோழர்கள் மீது சாற்றிய பழியைத் தெளிவுபடுத்தவும் வேண்டினார்.

4.3 தன்மீதான குறையைக் கேட்டுக்கொள்ளுதல்: மார்ச் 28ஆம் நாள் போஸ் எழுதிய நெடிய மடல் நேருவைக் கடுமையாகச் சாடியது. தம் குறைகளுள் பலவற்றை ஒப்புக்கொண்ட பிறகே நேரு மறுமொழியைத் தொடர்ந்தார். போசின்பால் தமக்குள்ள அன்பையும் மறைக்கவில்லை.

5. தடையும் விடையும்

மென்மையாகப் பேசினால் தீய கொள்கை தப்பிவிடாதா என்பது தடை. மதிப்பு ஆளுக்கு உரியது; கருத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை என்பது விடை. நேருவின் மடல்களில் உடன்பாடின்மை சிறிதும் மழுப்பப்படவில்லை. வேட்பாளரின் நோக்கமே தீயது என்பதற்குச் சான்று இருக்குமாயின் அதையும் சொல்லலாம், சான்றோடு சொல்லலாம். சான்றின்றிச் சொல்வதையே இவ்வாய்வு விலக்குகிறது.

இதனால் பயன் உண்டா என்பது அடுத்த தடை. மடல்கள் பிளவைத் தடுக்கவில்லை என்பது உண்மையே; ஏப்ரல் 29ஆம் நாள் போஸ் பதவி விலகினார். ஆயினும் மதிப்பு அழிந்துவிடவில்லை. பட்டாபியின் தோல்வியைத் தம் தோல்வி என்று அறிவித்த காந்தியடிகள், சுபாஷ் நாட்டின் பகைவர் அல்லர் என்பதையும் அதே அறிக்கையில் எழுதினார். 1944 ஜூலை 6ஆம் நாள் ஆசாத் ஹிந்த் வானொலியில் பேசிய போஸ், காந்தியடிகளைத் தேசத் தந்தை என அழைத்து வாழ்த்து வேண்டினார்.

முடிவுரை

வேட்பாளர் சொன்னதையும் செய்ததையும் மறுக்கலாம். சொல்லாத நோக்கத்தை அவர்மேல் ஏற்றுவதே எல்லை மீறல். வேட்பாளருக்குப் பொருந்தும் இவ்விதி அவரை ஆதரிக்கும் அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் பொருந்தும். தேர்தல் முடிந்த பிறகும் நாம் அவர்களோடுதான் வாழப்போகிறோம். ஆகவே வாக்காளர்கள், 'அவர் ஏன் அப்படிச் சொல்கிறார்' என்று ஊகிப்பதை விடுத்து, 'அவர் சொல்வது ஏன் தவறு' என்று காட்டப் பழகவேண்டும்.