உரிமைக்குத் துணை நின்றோர்

சட்டம் ஓர் உரிமையை வழங்கிவிட்ட அளவில் அது மக்களின் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று கருதுதல் கூடாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. ஏட்டிலுள்ள உரிமை ஏழையின் இல்லத்தை அடைய வேண்டுமாயின், அவன் பொருட்டு எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். நோயாலோ விபத்தாலோ உழைக்கும் ஆற்றலை இழந்தோர்க்கு அமெரிக்க அரசு வழங்கிவரும் உதவித்தொகையின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது.

1935ஆம் ஆண்டில் அதிபர் ரூசுவெல்ட் கையொப்பமிட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதிய தொழிலாளர்க்கு ஓய்வூதியம் அளித்தது. முதுமை எய்துமுன்பே உடல் தளர்ந்த தொழிலாளிக்கு அவ்வூதியத்தில் இடமில்லை. அவ்விடத்தைப் பெற மேலும் 21 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1956ஆம் ஆண்டில், அதற்கான திருத்தம் செனட் சபையில் 47க்கு 45 என்னும் வாக்குகளில், இரண்டே வாக்கு வேறுபாட்டில் நிறைவேறிற்று. அதிபர் ஐசன்ஹோவர் அதனைச் சட்டமாக்கினார். தொடக்கத்தில் 50 வயதைக் கடந்தோர்க்கு மட்டுமே கிட்டிய அவ்வுதவி, 1960இல் அவ்வயதினும் இளையோர்க்கும் உரியதாயிற்று. வறியோர்க்கெனத் தனித் திட்டம் ஒன்று 1972இல் சட்டமாகி, 1974இல் நடைமுறைக்கு வந்தது.

ஆயின், உழைக்க இயலாதவர் யார்? இவ்வினாவிலேதான் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது. பழைய தொழிலைச் செய்ய முடியவில்லை என்று காட்டுவது மட்டும் போதாது. வேறு எவ்வேலையும் செய்ய முடியாது என்பதையும் நிலைநாட்டல் வேண்டும். அவ்வேலை தம் வீட்டருகே உள்ளதா, காலியிடம் உண்டா, விண்ணப்பித்தால் கிடைக்குமா என்பனவெல்லாம் பொருட்டல்ல என்று 1967ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. சுரங்கத்தில் முதுகொடிந்த ஒருவரை நோக்கி, 'அமர்ந்து செய்யும் வேலை ஒன்றைச் செய்யலாமே' என்று அலுவலர் கூறிவிடலாம். அதற்கு விடையிறுக்க, 'நோய் உண்டு' என்னும் மருத்துவச் சான்று ஒன்றே போதாது. எத்தனை மணி நேரம் உட்கார முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும், மாதத்தில் எத்தனை நாள் படுக்கையில் கிடக்க நேரும் என்னும் விவரங்களை மருத்துவரிடமிருந்து எழுத்தில் பெற வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மறு ஆய்வு, நிருவாக நீதிபதியின் விசாரணை, மேல்முறையீட்டு மன்றம், கூட்டரசு நீதிமன்றம் எனப் படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் காலக்கெடு உண்டு. எழுந்து நிற்கவே வலுவற்ற ஒருவர் இத்தனை படிகளையும் தனியே ஏறுதல் எங்ஙனம்?

வருவாயற்றவர் வழக்குரைஞர்க்கு எதைக் கொடுப்பார்? 1965ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. நீதிமன்றத்தில் வழக்கு வென்றால், வரவேண்டிய நிலுவைத் தொகையில் 25 விழுக்காட்டுக்கு மேற்படாமல் ஊதியம் பெறலாம் என்று அது விதித்தது. முன்பணம் தர இயலாதவர்க்கும் இவ்வழியே வழக்குரைஞர் கிட்டினர். எனினும் வழக்கு நீள நீள நிலுவை பெருகும். நிலுவை பெருக வழக்குரைஞர் ஊதியமும் பெருகும் என்னும் குறை இதில் இருந்தது. ஆகவே, ஊதிய ஒப்பந்தங்களுக்கு 1990இல் 4,000 டாலர் என்னும் உச்சவரம்பும் சேர்க்கப்பட்டது. அது 2024 நவம்பரில் 9,200 டாலராயிற்று. வழக்குரைஞர் அல்லாத தகுதியுடையோரும் அலுவலகத்தின் முன் விண்ணப்பதாரர்க்காக வாதாட இச்சட்டம் இடந்தருகிறது.

நீதிமன்றங்கள் எப்போதும் எளியோர் பக்கமே நின்றன என்று கூறுவதற்கில்லை. பொது உதவித்தொகையை நிறுத்துமுன் விசாரணை நடத்த வேண்டும், அதற்கு வழக்குரைஞரை உடனழைத்து வரலாம் என்று 1970இல் உச்சநீதிமன்றம் கோல்ட்பர்க் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால், 1976இல் எல்ட்ரிட்ச் வழக்கில், இயலாமை உதவித்தொகையை நிறுத்துமுன் அத்தகைய விசாரணை வேண்டுவதில்லை, பின்னர் நடத்தினாலே போதும் என்றது. உதவி நின்றதால் எல்ட்ரிட்சின் வீடும் அறைகலன்களும் பறிபோய், மனைவி மக்களுடன் ஒரே கட்டிலில் உறங்கும் நிலை நேர்ந்ததை, மாறுபட்ட நீதிபதி பிரென்னன் தம் தீர்ப்புரையில் சுட்டினார்.

அத்தீர்ப்பின் விளைவு 1981இல் பெரிதாக வெளிப்பட்டது. மறு ஆய்வு என்னும் பெயரால், மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரின் உதவியை நிறுத்த அரசு முடிவு செய்தது. முறையிட்டோருள் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனை மீண்டும் பெற்றனர். அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைத்தது. அழவும் அறியாதார் நிலை என்ன? மனநோயாளர் பலரை, வெளியிடப்படாத உள்விதி ஒன்றால், வேலை செய்யத் தக்கவர் என முன்கூட்டியே முடிவுகட்டி வந்தனர். நியூயார்க் நகராட்சியே அவர்களுக்காக 1983இல் வழக்குத் தொடுத்தது. தமக்கு மறைக்கப்பட்ட விதியை எதிர்த்துக் காலத்தில் முறையிடாதது அவர்தம் பிழையன்று என்று 1986இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இதற்கிடையே, உடல்நிலை தேறியதற்குச் சான்றின்றி உதவியை நிறுத்தலாகாது என்னும் சட்டம் 1984இல் இரு அவைகளிலும் எதிர்ப்பின்றி நிறைவேறிற்று.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 1971இல் தோன்றிய நம் சொக்சோவிலும், உழைக்க இயலாமையை மருத்துவ வாரியத்தின் முன் நிலைநாட்ட வேண்டியுள்ளது. மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யவும் வழியுண்டு. அரசின் கடிதத்தைக் கையில் ஏந்தி, 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்டு வருவோரை ஆசிரியரும் மாணவரும் அறிவர். கடிதத்தைப் படித்துச் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. மறுமொழிக்குரிய கெடுநாளைச் சுட்டிக் காட்டி, அதற்குள் தக்கவரிடம் அழைத்துச் செல்வதே கற்றவர் செய்யத்தக்க துணையாகும்.